எட்டாவது புடைப்பு

நேற்று ஏழுதான் இருந்தன. பொன்மணி தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வேனின் பக்கவாட்டுக் கதவில் இருந்த புடைப்புகளை மேலிருந்து கீழாக இன்னொரு முறை எண்ணினாள். எட்டு.

ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அகலம் இருக்கும். எதிலாவது மோதிய வண்டி என்றால் தகடு உள்ளே குழியும். இது வெளியே பிதுங்கியிருந்தது. எட்டாவது, கதவின் கீழ் விளிம்புக்குப் பக்கத்தில், பள்ளம் நிரப்பும் பட்டியைப் பூசிக் காயவைத்த இடத்தையே வெடிக்கச் செய்துகொண்டு எழுந்திருந்தது. அவளே பூசிய பட்டி. நேற்று சாயங்காலம் அவளே தேய்த்து மட்டமாக்கிய இடம்.

"இது நேத்து இல்ல" என்றாள்.

புருஷன் தங்கதுரை நிமிர்ந்து பார்க்கவில்லை. தகடு தேய்க்கும் வாட்டர் பேப்பரைக் கத்தியால் நான்காக நறுக்கிக்கொண்டிருந்தான். "உன்னைய எண்ணச் சொன்னேனா, தேய்க்கச் சொன்னேனா?"

தேய்க்கத்தான் சொல்லியிருந்தான். ஐந்து நாளாக அதுதான் வேலை. மட்டாஞ்சேரியில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய இஞ்சிக் கிடங்கு. சுக்கு மூட்டைகள் போய் எத்தனையோ வருடம் ஆகியும் சுவர் அந்தக் காரத்தை விடவில்லை. மழைக்காலத்தில் அது ஈரத்தோடு சேர்ந்து தொண்டையில் வந்து உட்காரும். அதற்குள்தான் அவனுடைய வெள்ளை ஆம்னி வேன் நின்றது. அதில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக விற்கப் போவான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருடமாக அந்த வண்டிதான் சோறு போடுகிறது. அதை ஐந்து நாளாக வெளியே எடுக்கவில்லை.

யாருக்கோ வாடகைக்கு இரும்புக் கட்டில் ஏற்றிப் போனானாம். தோப்பும்படிப் பாலத்தில் சடாரென்று பிரேக் போட, கட்டில் கால்கள் உள்ளேயிருந்து கதவில் இடித்துவிட்டனவாம். அப்படித்தான் சொன்னான். வர்க்ஷாப்பில் விடலாமே என்று அவள் கேட்டதற்கு, அவனுங்க ஆயிரம் கேள்வி கேட்பானுங்க என்றான். கூலி கேட்பானுங்க என்று சொல்லியிருந்தால் அவள் அதை அன்றைக்கே மறந்திருப்பாள். கேள்வி என்றது மனசுக்குள் கிடந்தது.

பெயிண்ட் வேலை இரண்டு பேருக்கும் தெரியாது. மொபைலில் ஏதோ ஒரு மலையாள வீடியோ பார்த்து அவன் சொல்ல, அவள் செய்தாள். பழைய பெயிண்டைச் சுரண்டு. பட்டி பூசு. மரக்கட்டையில் பேப்பரைச் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய். குழியாக இருந்தால் பட்டியால் நிரப்பிவிடலாம். மேடாக இருப்பதை என்ன செய்வது? அடித்து உள்ளே தள்ள வேண்டும். முதல் நாள் தள்ளவும் செய்தான். தகரம் 'டப்' என்று உள்ளே போனது. மறுநாள் காலையில் திரும்ப வெளியே வந்திருந்தது. அதற்கப்புறம் அவன் மேட்டைத் தொடவில்லை. சுற்றியிருக்கிற இடத்தையெல்லாம் பட்டி பூசி அந்த மேட்டின் உயரத்துக்குக் கொண்டுவரச் சொன்னான். கதவு நாளுக்கு நாள் தடித்துக்கொண்டு வந்தது.

அவன் ஏன் தேய்க்கவில்லை என்றால், வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தான். வாளிக் கம்பி கிழித்துவிட்டதாம். கட்டு அவிழ்ந்த ஒரு சமயம் அவள் பார்த்தாள். நான்கு கோடுகள், பக்கம் பக்கமாக.

செல்வி போனதும் ஐந்து நாளைக்கு முன்னால்தான்.

இசக்கிசெல்வி அவளுடைய தங்கை. ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் வேலை; இவர்களோடுதான் தங்கியிருந்தாள். அன்றைக்கு முந்தின நாள் தங்கதுரை பொன்மணியின் முகத்தில் அறைந்தபோது, செல்வி நடுவில் வந்து நின்று, குரலை உயர்த்தாமல், இன்னொரு தடவை அக்கா மேல் கை வைத்தால் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போவேன் என்று சொன்னாள். அவன் கையைக் கீழே போட்டான். மறுநாள் மிகவும் தன்மையாக, நீ ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வா, நானே கலூர் பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று வேனில் ஏற்றிப் போனான்.

செல்வி ஊர் போய்ச் சேரவில்லை. அம்மா தினமும் போன் செய்து கேட்கிறாள். செல்வியின் போன் அணைந்து கிடக்கிறது. தோழி வீட்டில் இருப்பாள், வருவாள் என்று பொன்மணி அம்மாவிடம் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது.

கதவை மட்டம் பார்க்க ஒரு முறை இருக்கிறது. கண்ணை நம்பக் கூடாது; கண் ஏமாற்றும் என்று அந்த வீடியோக்காரன் சொல்லியிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை விரித்துத் தகட்டின் மேல் மெதுவாக ஓட்ட வேண்டும். பொன்மணிக்கு அது நன்றாகவே வந்தது. தண்ணீரிலும் பேப்பரிலும் ஐந்து நாள் கிடந்த அவள் விரல் நுனிகள் தோல் தேய்ந்து பளபளத்தன. வலிக்கவில்லை, ஆனால் ஒரு மயிர் கிடந்தால்கூட கயிறு மாதிரி தெரிந்தது. அன்றைக்கு அவள் கண்ணை மூடிக் கையை ஓட்டினாள். கூரை ஓட்டின் மேல் மழை. தூரத்தில் படகு ஜெட்டியின் ஹாரன். உள்ளங்கைக்குக் கீழே குளிர்ந்த பட்டி, அப்புறம் மேடு, அப்புறம் பட்டி. எட்டாவதன் மேல் கை வந்தபோது அது குளிராக இல்லை. வெயில் படாத கிடங்கில், விடாமல் மழை பெய்கிற நாளில், அந்த ஒரு கையளவு இடம் மட்டும் ஆள் படுத்து எழுந்த பாய் மாதிரி இளஞ்சூடாக இருந்தது.

அவள் கையை எடுத்துவிட்டாள். வண்டிச் சாவி அவன் இடுப்பில் இருந்தது.

மறுநாள் வீட்டுக்கார அம்மாள் கமலாக்ஷி கொல்லைப்பக்கம் வந்தாள். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம்; தனியாக இருக்கிறாள், யார் வீட்டில் எப்போது குக்கர் கூவியது என்பதுகூட அவளுக்குத் தெரியும். தங்கதுரை சாயா குடிக்கப் போயிருந்தான். கமலாக்ஷி கிடங்கு வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, பெண்டாட்டியை இப்படித் தேய்க்க விட்டுவிட்டு அவன் கடையில் உட்கார்ந்திருக்கிறானே என்று ஒரு பாட்டம் கேலி செய்தாள். பிறகு சொன்னாள்.

"நேத்து உச்சைக்கு நீங்க ரெண்டு பேரும் எங்கே போயிருந்தேள்? நான் ஊணு கழிஞ்சு படுத்துண்டிருக்கேன், இங்கே ஆரோ தகரத்தைத் தட்டிண்டே இருக்கா. நிறுத்தவே இல்லை. வண்டிக்குள்ளே பூனை ஏதானும் அகப்பட்டுண்டிருக்கும், திறந்து பாரு."

நேற்று மத்தியானம் இரண்டு பேரும் பெயிண்ட் கடைக்குப் போயிருந்தார்கள். கிடங்கு பூட்டியிருந்தது. வேனும் பூட்டியிருந்தது.

"பூனை தட்டுமா மாமி?" என்று மட்டும் பொன்மணி கேட்டாள்.

கமலாக்ஷி சிரித்துக்கொண்டே, நாளைக்குக் காலையில் மகன் வீட்டுக்கு, களமசேரிக்குப் போகிறேன், வர இரண்டு நாளாகும், வீட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலில் அவளும் தங்கதுரையும் எதிரெதிரே வந்தார்கள். களமசேரிக்குப் போவதை அவனிடமும் சொன்னாள். அவன் நல்லபடியாப் போய்ட்டு வாங்க மாமி என்றான்.

அன்று இரவு பொன்மணி தூங்கவில்லை. விடிந்ததும் முகம் கழுவி, எதையும் காட்டிக்கொள்ளாமல் கிடங்குக்குப் போனாள். அவன் முன்னாலேயே வந்திருந்தான். வேனின் கண்ணாடிகளில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது, பெயிண்ட் படாமலிருக்க. கதவு முழுவதும் கறுப்பு ஸ்பிரேயைப் புகை மாதிரி மெல்லிசாக அடித்து வைத்திருந்தான். இதுவும் வீடியோவில் பார்த்ததுதான். மேலாகத் தேய்த்தால் மேடான இடத்தில் கறுப்பு முதலில் போய்விடும்; தாழ்ந்த இடத்தில் தங்கிவிடும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

அவள் கட்டையை நனைத்துத் தேய்த்தாள். கறுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்தது. சரக், சரக் என்று பேப்பர் ஓடியது. சுக்கு நாற்றத்துக்கு அடியில் பட்டியின் இனித்துப் புளித்த நாற்றம். கூரையிலிருந்து ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர். கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது. மேடு. இன்னும் நாலு இழுப்பு. வட்டத்துக்கு மேலே ஒரு சின்ன வெள்ளைக் கோடு. அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

நான்கு விரல். ஒரு கட்டைவிரல்.

கட்டை தானாக அடுத்த மேட்டுக்குப் போனது. அங்கேயும் கை. அதற்கு அடுத்ததிலும். வலது கை, இடது கை, மறுபடியும் இடது. கறுப்புக் கதவில் எட்டு வெள்ளைக் கைகள். எல்லாம் வெளியே வரப் பார்த்தன.

"நிறுத்தாத" என்றான் பின்னாலிருந்து.

பொன்மணி திரும்பினாள். அவன் இவ்வளவு பக்கத்தில் நிற்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"செல்விய நீங்க கலூர்லதான் இறக்கி விட்டியளா?"

அவன் மணிக்கட்டின் கட்டுத் துணியை இறுக்கினான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தகரம் எந்திரிச்சு எந்திரிச்சு வருது. வெளிய மட்டும் அடிச்சா நிக்காது" என்றான். "டிங்கர் வேலைக்கு ரெண்டு ஆள் வேணும். வெளிய ஒருத்தன் அடிக்கணும், உள்ள ஒருத்தர் கட்டையைத் தாங்கலாப் பிடிக்கணும். நீ உள்ள ஏறிப் பிடி."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, பின்பக்கமாக இழுத்தான்.

ஓடியிருக்கலாம். வாசல் பத்து அடிதான். ஆனால் ஏழு நாளாக அவள் பார்க்க வேண்டும் என்று நினைத்த இடம் அவள் முன்னால் திறந்து கிடந்தது. செல்வி அதில்தான் ஏறிப் போனாள். ஒரு வளையல் துண்டு, ஒரு செருப்பு, ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் போதும். வெளியே வந்து ஸ்டேஷனுக்குப் போய்விடலாம், அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லிவிடலாம். பொன்மணி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். அவன் நீட்டிய இரும்புக் கட்டையை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

உள்ளே வெறுமையாக இருந்தது. குடம் வாளி ஒன்றுமில்லை. டிரைவர் சீட்டுப் பக்கம் சரக்கு சரியாமல் இருக்க அவன் அடித்து வைத்த பிளைவுட் பலகை. தரை கழுவியிருந்தது. அவ்வளவு சுத்தமாக அவன் எதையும் கழுவி அவள் பார்த்ததில்லை. பினாயில் வாடை கண்ணைக் கரித்தது. கதவின் உட்பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெறும் தகடு. கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள்.

கைப்பிடி இல்லை.

கதவு ஓடி வந்து மூடியது. சாவி திரும்பியது.

இருட்டு. செய்தித்தாள் வழியாகக் கசிந்த வெளிச்சம் முழங்கை தெரியும் அளவுக்குக்கூட இல்லை. என்னங்க என்றாள். மறுபடி கூப்பிட்டாள்.

சுத்தியல் விழவில்லை. அவன் அடிக்கவே இல்லை. செருப்புச் சத்தம் மட்டும் வேனைச் சுற்றி ஒரு முறை போய், திரும்பக் கதவுக்கு நேரே வந்து நின்றது.

"மாமி ஊர்ல இல்ல" என்றான், தகட்டுக்கு மிகப் பக்கத்தில் வாயை வைத்து. "தட்டு. எவ்வளவு வேணும்னாலும் தட்டு. அவளும் தட்டினா."

கையிலிருந்த இரும்புக் கட்டை நழுவி எங்கோ உருண்டது. பொன்மணி இரண்டு கைகளாலும் கதவை அடித்தாள். கத்தினாள். மழை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அடிக்க அடிக்க உள்ளங்கை பள்ளங்களில் போய் விழுந்தது. தேய்ந்த விரல் நுனிகளுக்கு எல்லாம் தெரிந்தது: விரல் பதிந்த குழிகள், குழிகளுக்கு நடுவே நகம் இழுத்த கீறல்கள். ஒவ்வொரு குழியும் அவள் கையைவிடக் கொஞ்சம் சிறியது. தங்கையின் கை.

செல்வி, செல்வி என்று அழுதபடி தடவிக்கொண்டே கீழே போனாள். ஒரு குழி. அடுத்தது. எல்லாம் குளிர்ந்த தகடு. கதவின் கீழ் விளிம்புக்குப் பக்கத்தில் கடைசிக் குழி. அதற்குள் அவள் கை போகவில்லை.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

இளஞ்சூடு. ஈரம். அது விரல் விரித்துத் தகட்டை அழுத்திக்கொண்டிருந்தது. பொன்மணியின் கை பட்டதும் அழுத்துவதை நிறுத்தியது. மெதுவாகப் புரண்டது. அவள் விரல்களுக்கு நடுவே தன் விரல்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள். விடவில்லை. மூச்சுச் சத்தம் எதுவும் இல்லை. வேனுக்குள் அவளுடைய மூச்சு மட்டும்.

பிறகு அந்தக் கை அவள் கையைத் தூக்கித் தகட்டில் அறைந்தது.

டப்.

இன்னும் ஒரு முறை. அவள் உள்ளங்கைக்குக் கீழே தகரம் வெதுவெதுப்பாக இளகி, விரல் விரலாக, வெளியே போனது.

வெளியே யாரோ வாளித் தண்ணீரில் எதையோ நனைத்தார்கள். பிழிந்தார்கள். கை கோத்தபடி அவர்கள் இரண்டு பேரும் பிதுக்கியிருந்த அந்த இடத்தின் மேல், மறுபக்கத்திலிருந்து, வாட்டர் பேப்பர் வந்து படிந்தது. சரக். சரக். தகட்டுக்கு இந்தப் பக்கம், பொன்மணியின் உள்ளங்கைத் தோல் தேயத் தொடங்கியது.