ஒறம்பரை யார்?

நாடகத் தாளில் பெயர்கள் எழுதியிருந்த ஓரத்தைப் பவ்யாவின் வகுப்புத் தோழி ரேஷ்மா உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பிறகு ஒரு வரியைப் படித்தாள்.

“‘தாங்கள் எங்கே செல்கிறீர்கள்?’ இதைச் சொல்றது திருடனா, போலீஸா?”

பவ்யா யோசித்தாள். ஆறாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு அந்த நாடகத்தை எழுதியவளே அவள்தான். இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

“போலீஸ்னு நெனைக்கிறேன்.”

“திருடன்,” என்று ரேஷ்மா கையை எடுத்தாள். “உன் நாடகத்துல எல்லாருக்கும் ஒரே வாய்தான். ஒரே ஆளு அஞ்சு சட்டை மாத்திட்டு வர்ற மாதிரி இருக்கு.”

பவ்யாவுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் கொரட்டூர் ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் கோபம் போய்விட்டது. ரேஷ்மா சொன்னது சரிதானே?

அன்றிலிருந்து அவள் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். அவள் குடியிருப்பின் செயலாளர் ராகவன் எதைப் பேசினாலும் “ரூல்ஸ்படி பாத்தா” என்றுதான் தொடங்குவார். அம்மா ஆபீஸ் போனில் ஒரு மாதிரி பேசுவாள், சொந்த ஊரான கோபியில் இருக்கும் பெரிய மாமாவிடம் வேறு மாதிரி பேசுவாள். எல்லாரையும்விடக் கேட்க நன்றாக இருந்தது வாட்ச்மேன் துலுக்கானத்தின் பேச்சு.

துலுக்கானம் பக்கத்திலிருக்கும் திருமுல்லைவாயில்காரர். அவரும் மனைவி அங்கம்மாவும் மோட்டார் ரூமுக்கு அடுத்த சின்ன அறையில் இருந்தார்கள். பவ்யாவின் நாடகத்திலும் ஒரு வாட்ச்மேன் உண்டு. அவன் வரியை அவள் துலுக்கானத்துக்குப் படித்துக் காட்டினாள்.

“‘நான் இங்கே காவல் காக்கிறேன். தாங்கள் யார்?’”

துலுக்கானம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இன்னா பாப்பா, உன் வாட்ச்மேன் நியூஸ் வாசிக்கிறானா?”

“நீங்களா இருந்தா எப்படிச் சொல்வீங்க?”

“நானா? ‘யாருப்பா நீ, எந்த ஊட்டுக்குப் போற?’ அவ்ளோதான்.”

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது.

அன்று மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்து வால்வை மூடிவைத்திருந்ததால் குடியிருப்பில் காலையிலிருந்தே குழாயில் தண்ணீர் இல்லை. கோபியிலிருந்து பெரிய மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். பவ்யா மாமா பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பினாள். கேட் வாசலில் தண்ணீர் லாரி நின்றது. உள்ளே கூட்டம் கூடியிருந்தது.

கூட்டம் விலகியது. இரண்டாம் மாடி ஜெகதீஷ் ஓடி வந்தார். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். அவர் கையில் அவருடைய நான்கு வயது மகன் பரத். அவன் தலை பின்னால் தொங்கியது. கால் ஒன்றில் மட்டும் செருப்பு இருந்தது.

தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. லாரிக் குழாய் அதற்குள் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பரத் பிழைத்தான். ஆனால் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாய் வைத்திருக்கிறார்கள், மூளைக்குக் காற்றில்லாமல் இருந்ததால் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள் டாக்டர்கள். குடியிருப்பில் பிள்ளைகள் யாரும் கீழே இறங்கி விளையாடவில்லை. பவ்யாவின் அப்பா செல்வகுமார் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மாலை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். பவ்யா ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். துலுக்கானம் நடுவில் நின்றார். அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

“ரூல்ஸ்படி பாத்தா, லாரி தண்ணி அடிக்கிறப்போ தொட்டிகிட்ட நிக்க வேண்டியது உன் வேலை,” என்றார் ராகவன். “ஏன் விட்டுட்டுப் போன?”

“நின்னுகினுதான் சார் இருந்தேன். இன்டர்காம் அடிச்சுது. மேல வந்து வால்வைத் தெறன்னாங்க. போனேன்.”

“யாரு கூப்பிட்டது?”

“தெரில சார். லாரி மோட்டார் சத்தத்துல கொரல் வெளங்கல. அதுல ஊட்டு நம்பரும் தெரியாது. ஒறம்பரைன்னு ஒருத்தரு வந்துகீறாரு, தண்ணி வோணும்னாங்க.”

“யாரு?”

“ஒறம்பரை சார்.”

யாரோ சிரித்தார்கள். ராகவன் சிரிக்கவில்லை. “இந்தக் கட்டடத்துல அப்படி ஒரு ஆளும் கெடையாது, அப்படி ஒரு விருந்தாளியும் வரல. ஒரு கொழந்த சாகக் கெடக்குது. இப்பவும் பொய்யா?”

“பொய் இல்ல சார்.”

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வருகிறார், அவரிடம் துலுக்கானத்தை ஒப்படைத்துவிடுவது, அறையைக் காலி செய்யச் சொல்வது என்று முடிவானது.

பவ்யாவுக்கு மட்டும் அந்த வார்த்தை தெரியும்.

ஒறம்பரை என்பது ஆள் பெயர் இல்லை. கோபிப் பக்கத்தில் விருந்தாளிகளை அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் “எங்க வீட்டுக்கு ஒறம்பரை வந்திருக்காங்க” என்று அவள் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அவள் அந்த வார்த்தையை வெளியில் சொன்னதில்லை. இந்தக் கட்டடத்தில் அதைச் சொல்லக்கூடிய வீடு ஒன்றுதான்.

அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். அப்பா குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வெளிச்சமே இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவள் மோட்டார் ரூம் பக்கம் போனாள். அங்கம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். துலுக்கானம் படியில் குந்தியிருந்தார்.

“அண்ணா, போன்ல அவங்க என்ன சொன்னாங்கன்னு அப்படியே சொல்லுங்களேன்.”

“இன்னாத்துக்குப் பாப்பா? நாடகத்துக்கா?”

“இல்லண்ணா.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “‘அண்ணா, ஒறம்பரை வந்திருக்காங்க. சித்தே சுருக்கா மேல வந்து வால்வைத் தெறந்து உடுங்க. அது கெடக்கட்டுங்க, லாரிக்காரரு பாத்துக்குவாருங்க.’ இப்டித்தான் சொன்னாரு.”

அப்பாவின் பேச்சு அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது.

“யாரோ தெரில பாப்பா. ஆனா மருவாதியா பேசினாரு. வாங்க, உடுங்கன்னாரு. இங்க யாரு என்னை அப்டிக் கூப்டுறாங்க? அதான் வேற எதுவும் கேக்காம ஓடினேன்.” அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பவ்யா லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. ஆனால் நான்காம் மாடி வந்ததும் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே போய்ச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளைக் காலையோடு எல்லாம் முடிந்துவிடும். அப்பாவை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவள் செருப்பைக் கழற்றி, திரும்பப் போட்டு, மறுபடி கழற்றினாள்.

அப்பா இருட்டிய கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா. துலுக்கானம் அண்ணா ஒறம்பரைங்கறது ஒரு ஆளுன்னு நெனச்சிட்டு இருக்காருப்பா.”

“தெரியும் சாமி. நானுந்தான் கேட்டுட்டு இருந்தேன்.”

அம்மா பானுப்பிரியா சமையலறையிலிருந்து வந்து வாசல் கதவைச் சாத்தினாள். “மெல்லப் பேசு பவ்யா. உங்கப்பா அந்தப் பையனத் தள்ளியா விட்டாரு? தண்ணி விடச் சொன்னாரு. போலீசு, கேசுன்னு போனா இவரு வேலை என்னாகறது?”

“பானு, ஜன்னல்ல பாத்துட்டேதான் நான் பேசினேன்,” என்றார் அப்பா. “மூடி தெறந்து கெடந்ததும் தெரிஞ்சுது. அந்தப் பையன் அங்க சைக்கிள் ஓட்டிட்டு இருந்ததும் தெரிஞ்சுது. மாமா கை கழுவத் தண்ணி இல்லியேங்கறதுதான் எனக்கு அப்பப் பெருசாத் தெரிஞ்சுது.”

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இது தெரியாது.

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்கத்தான் பவ்யா மாடி ஏறி வந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

“இந்தக் கட்டடத்துல பெரியவங்க யாரும் அவர வாங்கன்னு கூப்பிடறதில்லையாம்ப்பா. நீங்க அப்படிக் கூப்பிட்டதாலதான் எதையும் கேக்காம ஓடினேன்னு சொல்றாரு. யாருன்னு தெரியாமலே உங்களப் பத்தி நல்லவிதமாச் சொல்றாருப்பா.”

அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான்கள் மாறிப்போயின. பவ்யா சரிசெய்து விட்டாள்.

“நீ இங்கியே இரு கண்ணு.”

“நானும் வர்றேன்.”

துலுக்கானம் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“நேத்து உங்களைக் கூப்பிட்டது நான்தானுங்க,” என்றார் அப்பா. “ஒறம்பரைன்னா எங்கூர்ல விருந்தாளிங்க. கூட்டத்துல சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

அங்கம்மா சாக்கைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

“நேத்துலேர்ந்து இந்த மனுசன் ஒரு வாய் சோறு துன்னல. எல்லாம் தெரிஞ்சிகினு நீ மேல குந்திகினு இருந்தியா?”

அப்பாவை யாரும் அப்படி ‘நீ’ என்று பேசி பவ்யா கேட்டதில்லை.

“ஆமாங்க,” என்றார் அப்பா.

அடுத்து ராகவன் வீட்டுக்குப் போனார்கள். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்த பிறகும் அவர் வாயில் ஒரு ரூல்ஸும் வரவில்லை. “ஜெகதீஷ்கிட்டப் போலாம் வாங்க,” என்று சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரி நடையில் ஜெகதீஷ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அப்பா சொல்லி முடித்ததும் அவர், “என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க,” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா நடையின் கடைசிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் அப்பா எழுதிக் கொடுத்தார். அவர்மீதும் வழக்கு வந்தது. துலுக்கானம் பேரும் அதிலிருந்து போகவில்லை. ஆனால் அவரை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை, அறையையும் காலி செய்யச் சொல்லவில்லை. லிஃப்டில் அப்பாவைப் பார்த்தால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா அப்போதெல்லாம் அவர் கூடவே நின்றாள்.

தினமும் ஆபீஸ் விட்டதும் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் அதே கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஜெகதீஷ் அவரோடு பேசியதே இல்லை. போகச் சொல்லவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பவ்யாவும் கூடப் போயிருந்தாள். வார்டுக் கதவு திறந்தது. ஜெகதீஷ் வெளியே வந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும்போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். நடையில் வேறு யாரும் இல்லை.

“தெறந்துட்டான்,” என்றார் அப்பாவிடம். “கண்ணத் தெறந்துட்டான். பேசல இன்னும். ஆனா என்னப் பாத்தான். என் வெரலப் புடிச்சான்.”

அப்பா எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஜெகதீஷ் அவர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பவ்யா அப்பாவின் கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினாள்.

“அண்ணா, பவ்யா பேசறேன். பரத் கண்ணத் தெறந்துட்டான். அவங்க அப்பா வெரலப் புடிச்சானாம்.”

மறுமுனையில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் மட்டும் கேட்டது.

“அண்ணா, கேக்குதா?”

“கேக்குது பாப்பா.” துலுக்கானம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “எனக்கு வாய் வரல. இரு, அங்கம்மாகிட்ட தர்றேன், அவகிட்ட நீயே சொல்லு.”

பவ்யா மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.