பழையது என்ற சொல்

2025 செப்டம்பர் 17, புதன்கிழமை. காற்று அசையாத புழுக்கம். கடல் பக்கம் மட்டும் மேகம் கறுத்திருந்தது. காரைக்கால் பாரதியார் சாலையிலுள்ள துப்பறிவாளர் கார்த்திகேசனின் அலுவலகத்துக்குள், சுகிர்தா தன் தம்பி நவநீதனின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்தாள். உதவியாளர் ஹஃபீஸா திகைத்து எழுந்தாள்.

"எங்க பழைய நெல்லு, களர்ப்பாலை ரகம், அத்தனையும் வித்துப்போச்சுங்க, ராத்திரியே கிடங்குலேர்ந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள் சுகிர்தா. "உப்புத் தண்ணியிலயும் நிக்கிற விதை. இனி ஊர்ல யாருகிட்டயும் கெடையாது. இவன்தான் என் போன்ல புகுந்து நெல்லை வித்திருக்கான்."

நவநீதனின் கன்னத்தில் அறை வாங்கிய தடம் சிவந்திருந்தது.

உண்மையில் விற்றது ஒரு மென்பொருள் முகவர். இணையச் சந்தையில் தன் நெல்லுக்காகப் பேரம் பேச அவளே அமர்த்தியது. வாங்குவோரின் முகவரோடு அது காரணம் காட்டி வாதிடும். மறுக்கப்படாத வாதமே வெல்லும். 'விதைநெல்லை விற்காதே' என்பது அவள் இட்ட கட்டளை. அதை மாற்றும் கடவுச்சொல் தன்னைத் தவிர தம்பிக்கு மட்டுமே தெரியும் என்றாள். ஹஃபீஸாவும் அவனையே ஐயுற்றாள்.

கார்த்திகேசன் இரு முகவர்களின் வாதத்தையும் நிதானமாகப் படித்தார். கட்டளை மாறவேயில்லை.

"அப்ப எப்படி சார் வித்துச்சு?" என்றாள் ஹஃபீஸா.

"வாங்கின அரிசி ஆலையோட முகவர் சொல்லுது: பழைய நெல் முளைக்காது, முளைக்காதது விதையில்ல, அதனால விக்கலாம். இவங்க முகவர் லேசுல விடல. போன் போட்டு, நெல் பழசான்னு இவங்களையே கேட்டிருக்கு." அவர் சுகிர்தாவை நோக்கினார். "நீங்க என்னம்மா சொன்னீங்க?"

சுகிர்தாவுக்கு நினைவு வந்தது. நேற்று வயலில் நின்றபோது வந்த அழைப்பு அது. "பழசுதான்... பாட்டன் காலத்துப் பழசுன்னு பெருமையா சொன்னேங்க."

"நீங்க சொன்னது ரகத்தை. அது கேட்டது அறுவடையை. வந்ததும் 'பழைய நெல்லு'ன்னீங்க பாருங்க, அப்பவே எனக்கு உறுத்துச்சு."

அக்காள் தம்பியின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

கார்த்திகேசன் எதிர்வாதம் ஒன்றைத் தட்டச்சு செய்தார்: ரகம்தான் பழையது, அறுவடை இவ்வாண்டு மாசியில். ஆலையின் முகவர் தோல்வியை ஒப்புக்கொண்டு பேரத்தை முறித்தது. உடனே ஆலைக்குப் பேசிய ஹஃபீஸா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். புழுங்கலரிசிக்காக அவிக்க நெல்லைக் காலையிலேயே தொட்டியில் ஊறப் போட்டுவிட்டார்களாம்.

சுகிர்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நவநீதன் ஹஃபீஸாவிடம் சொன்னான்: "பச்சைத் தண்ணியா, வெந்நீரான்னு கேளுங்க."

பச்சைத் தண்ணீர்தான்.

"அப்பறம் என்ன. வெந்நீர்னாதான் முளை சாகும். விதைக்கவும் ஊறத்தானே போடுவோம். நாத்தங்கால் உழுதுதான் கெடக்கு. எந்திரிக்கா."

"அறைஞ்சுட்டேனேடா."

"ஆலைக்கு வந்து மூட்டையத் தூக்கு. அதுக்கும் இதுக்கும் சரியாப்போயிடும்."

ஈரம் சொட்டும் கடைசி மூட்டையை இருவரும் தங்கள் வாசலில் இறக்கியபோது மாலை மணி ஆறு பத்து.