துணைநாடி

காலை எட்டு மணி. வான்கூட்டு நிலையத்தில் வழக்கமான வரிசை நின்றது. பள்ளிப் பிள்ளைகளும் மீன் கூடைக்காரர்களும் கதவருகே இருந்த தட்டில் உள்ளங்கையை வைத்தார்கள். தட்டு பச்சையானதும் பறக்கும் கூட்டில் ஏறிப் போனார்கள். சாலைகளைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு நாகப்பட்டினத்தில் இதுதான் பஸ்.

அமுதவல்லி கை வைத்ததும் தட்டு சிவந்தது. நாடித்துடிப்பு நூற்று முப்பத்தெட்டு. நூற்றைத் தாண்டினால் கூடு கிளம்பாது. பதற்றத்தில் யாரோ நடுவானில் கதவைத் திறந்துவிட்டதிலிருந்து அப்படியொரு சட்டம். மாத்திரை போட்டு வந்தாலும் உள்ளங்கை வியர்வையே காட்டிக் கொடுத்துவிடும்.

வால்பாறையில் மகள் நிலானிக்கு வலி எடுத்திருந்தது. 'அம்மா பக்கத்துல இருக்கணும்' என்று ஒரே பிடிவாதம். படகிலும் வண்டியிலுமாகப் போனால் இரண்டு நாள் ஆகும்.

"துணைநாடி கட்டிக்குவோம்," என்றார் அவள் கணவர் சேந்தன். அந்தப் பட்டையை இருவர் கட்டிக்கொண்டால், ஒருவர் துடிப்பு மற்றவர் மணிக்கட்டில் தட்டும். பயந்த நெஞ்சு மெல்ல அமைதியான நெஞ்சின் தாளத்துக்கு வந்துவிடும். "ஆறு வருஷமா தினம் வேலைக்குப் பறக்கிறவன் நான். என் நாடி உன்னைப் பாத்துக்கும்."

இருவரும் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து கட்டிக்கொண்டார்கள். யாரோ கதவை உடைப்பதுபோல் அவள் மணிக்கட்டில் தட்டியது.

"ஏங்க, இது உங்களோடதா?"

அவர் கூரையைப் பார்த்தார். பட்டையின் குட்டித் திரையில் அவர் பெயருக்கு நேரே நூற்று நாற்பத்தாறு.

"தினமும் பறந்தீங்களா?"

"படகுல போனேன்."

"அதான் விடியறதுக்கு முன்னாடியே ஓடினீங்களா! கேட்டா டிராபிக்குன்னீங்களே, வானத்துல என்னங்க டிராபிக்?"

"ரெண்டு பேரும் பயந்தா, வீட்டுல யாரு தைரியம் சொல்றது அமுது?"

திட்ட வாயெடுத்தாள். மணிக்கட்டில் அவர் நாடி இன்னும் வேகமாகத் தட்டியது. அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னையே பாருங்க. மெதுவா மூச்சு விடுங்க. இன்னும் மெதுவா. பேத்தியா பேரனா, சொல்லுங்க?"

"பேத்தி."

"யாரு ஜாடை?"

"உன் ஜாடைதான். வாயும் உன்னோடது."

சிரித்துவிட்டாள். அவளுடையது தொண்ணூற்றாறுக்கு இறங்கியது. நூற்றுப் பத்து, நூற்று நான்கு, தொண்ணூற்றெட்டு என்று அவருடையதும் பின்னாலேயே வந்தது. எழுந்துபோய்க் கை வைத்தார்கள், தட்டு பச்சையானது.

மருத்துவமனையில் வலிக்கு நடுவே நிலானி வியந்து போனாள். "நிஜமாவே பறந்தாம்மா வந்தே? பயமா இல்லையா?"

"பயப்பட எங்கடி நேரம்? உங்கப்பாவக் கூட்டிட்டு வர்றதுக்கே சரியாப் போச்சு."