மூலை நாற்காலியில் தூங்குகிறவன்

மூன்றாவது செவ்வாய்க்கிழமை... அதே மூலை நாற்காலி, அதே ஆள்!

பிசியோதெரபி நிலையத்தின் காத்திருப்பு அறையில் நுழைந்ததுமே அவள் கண் அங்கேதான் போனது. சட்டை முதுகில் லிஃப்ட் கம்பெனியின் பெயரும் போன் நம்பரும். கையில் ஃபைல் இல்லை. கூட நோயாளி இல்லை. வருவான், கண்ணை மூடுவான்... முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து போவான். என்ன உத்தேசமோ!

பக்கவாதத்தில் ஒரு கை விழுந்த அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு, அவள் மடிக்கணினியைத் திறந்தாள். வண்டி இன்சூரன்ஸுக்கு வரும் பொய்ப் புகார்களைக் கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். அதனால் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இவன் மேல் கொஞ்சம் கூடுதலாகவே... திருடனுக்கு எதற்கு அவ்வளவு நீளமான இமைமுடிகள்? அநியாயம்!

பொறுக்காமல் வரவேற்பு மேசை அக்காவிடம் சொல்லிவிட்டாள். அக்கா போய் எழுப்பிக் கேட்டாள். அறையே திரும்பிப் பார்த்தது.

"யாருக்காகவும் வரலைங்க... தூங்கத்தான் வர்றேன்."

"ஏன், உங்களுக்கு வீடு இல்லையா?" அவள் முந்திக்கொண்டாள்.

"வீட்டுல அம்மா ரெண்டு வருஷமா படுக்கைல. வேலை விட்டா அம்மா, அம்மாவை விட்டா வேலை. எனக்கு முதுகுவலி, சிகிச்சைக்குப் போறேன்னு தங்கச்சிகிட்ட பொய் சொன்னேன். அதான் வாரத்துல ரெண்டு நாள் வந்து பார்த்துக்குறா."

"தூங்கணும்னு சொன்னா வர மாட்டாளா?"

"வருவா. எனக்குத்தான் சொல்ல வாய் வரல..." பையை எடுத்துக்கொண்டான். "இனிமே வர மாட்டேங்க."

பொய்யைப் பிடித்தும் அவளுக்குத் துளி சந்தோஷமில்லை. ஒருவனுக்கு இருந்த ஒரே தூக்கத்தையும் கெடுத்துவிட்டோமே! 'மன்னிச்சுக்குங்க' என்று சொல்ல நாக்கு எழவில்லை. வறட்டு கௌரவம்!

வெள்ளிக்கிழமை நாற்காலி காலி. செவ்வாயும் காலி. அக்கா மூலம் கதை அப்பாவின் காதுக்கும் போயிருந்தது.

"வாசலையே பார்த்துக்கிட்டிருந்தா வந்துருவானாம்மா?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

அவள் போனை எடுத்தாள். அவன் சட்டை முதுகிலிருந்த நம்பர் எப்படி மனப்பாடம் ஆனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"பிசியோதெரபி நிலையத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுதுங்க..."

இருபது நிமிடத்தில் அவனே வந்தான், கருவிப் பெட்டியோடு, மழையில் தொப்பலாக. இமைகளில் கூடத் துளிகள்... இரண்டு முறை மேலும் கீழும் போய்ப் பார்த்தான்.

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது? புகார் குடுத்தது யாரு?"

"நான்தான். பொய்ப் புகார்."

"அதைப் பிடிக்கிறதுதானே உங்க வேலைன்னு அந்த அக்கா சொன்னாங்க?" அவன் சந்தேகமாகப் பார்த்தான். இப்போது அவன் முறை!

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. நானும்தான் அப்பா விழுந்ததுலேர்ந்து ஒழுங்காத் தூங்கல... யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

அவன் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு பெட்டியைக் கீழே வைத்தான்.

"இந்த லிஃப்டுக்கு அரை மணி நேரம் ஆகும்னு கம்பெனியில சொல்லிடுறேன். நீங்க தூங்குங்க. அப்பா வந்ததும் எழுப்புறேன்."

மடிக்கணினியை, கைப்பையை, போனை... எல்லாவற்றையும் அவன் மடியில் வைத்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள். அவன் வாய் திறப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.