விருந்தாளிகள் போட்ட மார்க்

சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் புதுத்துறைக்காரர்கள் பிடரியைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, சட்டைக் காலரைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, அப்படியே ஊர்க் கூடத்துக்கு ஓட்டம். பெண்கள் கொண்டையை உச்சிக்கு ஏற்றிக் கட்டிக்கொள்வார்கள். பிடரித் தோலுக்கு அடியில் அரிசி மணி அளவில் பதித்திருக்கிற சிலிர்ப்புமானிக்கு எண்ணெய்ப் பிசுக்கும் ஆகாது, முடியும் ஆகாது.

புதுத்துறை என்பது சனிக்கோளைச் சுற்றும் டைட்டனில் இருக்கும் ஊர். வெளியே ஆரஞ்சு நிற வானம், மீத்தேன் மழை, நின்ற இடத்திலேயே ஆளை விறைக்க வைக்கும் குளிர். உள்ளே, ஊரையே மூடியிருக்கும் கண்ணாடிக் கவிகையின் கதகதப்பில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எரிவாயு வேலைக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள். கடற்கரை கிடையாது, கடைத்தெரு கிடையாது, கோயில் கொடைத் திருவிழாவோ வருஷத்துக்கு ஒன்றுதான். மிச்ச நாளெல்லாம் மனுஷன் என்னதான் செய்வான்? ஆளுக்கொரு பாட்டைக் கொண்டுவந்து அடுத்தவன் காதில் திணிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்கென்று ஒரு ரசிகர் சங்கம். அங்கே வாயைத் திறந்து யாரும் யாருடைய பாட்டையும் பாராட்டக் கூடாது. தவறிப்போய் "அருமை" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லோருடைய டீ டம்ளரையும் சொன்னவர்தான் கழுவ வேண்டும். வாய் பொய் சொல்லும், தோல் சொல்லாது என்பது அவர்கள் கட்சி. பாட்டு ஓடும்போது கேட்பவர்களுக்கு எவ்வளவு புல்லரித்தது என்று சிலிர்ப்புமானிகள் அளந்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்து, பத்துக்கு இத்தனை என்று சுவரில் போட்டுவிடும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எவ்வளவு நியாயமான ஏற்பாடு பாருங்கள்! பூமியில் இருக்கிறவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று அவர்களுக்கு ஒரே பெருமை.

இந்த நியாயமான ஏற்பாட்டில் வருஷம் பூராவும் கடைசி இடத்தில் இருந்தவள் இசக்கியம்மாள். ஊருக்கு ஒரே பல் டாக்டர். கைராசிக்காரி. ஆனால் பாட்டு விஷயத்தில் அவளுக்கு நாலு தாண்டியதே இல்லை. நாயனமும் தவிலும் பம்பையும் சேர்ந்து கூரையைப் பிய்க்கிற நையாண்டி மேளப் பாட்டுகள்தான் அவளுக்கு உயிர். அவள் பாட்டு ஓடும்போது மற்றவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முறை வந்ததும் அவரவர் பிடரி தானாகச் சிலிர்த்துக்கொள்ளும்.

"ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு ஆளாவது என் பாட்டக் கேட்டுட்டு ஆடணும்டி. அது போதும் எனக்கு" என்று ஜெபராணியிடம் சொல்லிப் புலம்புவாள். ஜெபராணி அவளுடைய கூட்டாளி, ஊர் அலைவாங்கி நிலையத்தில் வேலை பார்ப்பவள். அந்த நிலையத்தின் தலைவர் நயினார்தான் சங்கத்துக்கும் தலைவர். எப்போதும் முதல் இடம் அவருக்கு. வீணையும் வயலினும் அழுது வடிகிற பாட்டாகப் பார்த்துக் கொண்டுவந்து எட்டரை, ஒன்பது என்று வாங்கிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் விருந்தாளிகள் வந்தார்கள்.

புளூட்டோவுக்கும் அப்பால், யாரும் எதிர்பாராத ஒரு நாளில், யாருடையது என்றே தெரியாத ஒரு பெரிய கப்பல் வந்து நின்றது. மனித குலம் முழுக்க நடுங்கிக்கொண்டு காத்திருக்க, அங்கிருந்து வந்த முதல் செய்தியைப் பிடித்தது புதுத்துறை அலைவாங்கி. மொழிமாற்றி அதைத் தமிழாக்கிக் கொடுத்ததும் ஜெபராணி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டாள்.

"நாங்கள் பாட்டு ரசிகர்கள். நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய்ப் பாட்டு மாற்றிக்கொள்கிறோம். எங்களுடைய ஆகச் சிறந்த பாட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறோம். மூன்றாவது தொண்டை வந்து சேர்ந்துகொள்ளும் இடத்தைக் கவனியுங்கள். உங்களுடைய பாட்டு ஒன்றை அனுப்புங்கள், மதிப்பெண் போடுகிறோம். பிடித்தால் எங்கள் உடம்பு நீலமாகிவிடும். எங்களால் பொய் சொல்ல முடியாது."

யம்மாடி, அன்றைக்குக் கூடத்தில் எழுந்த கூச்சல்! எங்கிருந்தோ வந்தவர்கள், அவர்களும் நம்மைப்போலவே ரசிகர்கள், அவர்களுக்கும் தோல்தான் நீதிபதி! சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது. யாருடைய பாட்டை அனுப்புவது?

"இதுல கேள்வி என்ன இருக்கு? முதல் இடத்துல இருக்கது யாரு?" என்றார் நயினார்.

"அண்ணாச்சி, நீங்க அழுகாச்சிப் பாட்ட அனுப்பி, வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்கன்னா?" என்றான் ஒருவன். அவனும் தன் பாட்டைக் கையிலேயே வைத்திருந்தான். எல்லோரும்தான் வைத்திருந்தார்கள். சண்டை முற்றி, நாற்காலி உருண்டு, கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வந்த பெயர் இசக்கியம்மாள்.

நயினாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. மனுச இனத்தோட மானம் உன் கையில இருக்கு. அஞ்சுக்குக் கீழ வந்துச்சுன்னா நீ சங்கத்துப் பக்கமே தல வச்சுப் படுக்கக் கூடாது. சம்மதமா?"

இசக்கி யோசித்தாள். சங்கம் இல்லாமல் இந்தக் கண்ணாடி ஊரில் பொழுதை எப்படிக் கழிப்பது? காலையில் பல், மத்தியானம் பல், சாயங்காலமும் பல்லா? ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"சம்மதம் அண்ணாச்சி. பத்துக்குப் பத்து வாங்கிக் காட்டுதேன்" என்றாள்.

அப்படியே க்ளினிக்குக்கு ஓடினாள். பாட்டுகளைப் பதிந்துவைக்கும் ஒலிமணிகள் அங்கே ஒரு கிண்ணத்தில் கிடந்தன. எள்ளுருண்டை அளவு, எல்லாம் ஒரே கறுப்பு. கையும் காலும் பரபரக்க ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து ஜெபராணியிடம் கொடுத்தாள். கூடவே ஒரு குறிப்பும் சொல்லி எழுதச் சொன்னாள்: "இது கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கும் மேளம். கடைசியில் தவிலும் நாயனமும் போட்டி போட்டு முடியும் இடத்தைக் கவனியுங்கள்."

பாட்டு போனது. ஊரில் யாருக்கும் வேலை ஓடவில்லை. அடுத்த சனிக்கிழமை பிடரி கழுவிக்கொண்டு எல்லோரும் கூடியிருந்தபோது பதில் வந்தது. ஜெபராணி வாசிக்க ஆரம்பித்ததுமே அவளுக்குக் குரல் உடைந்தது.

"பத்துக்குப் பத்து! தவிலும் நாயனமும் போட்டி போட்டு முடிந்த இடத்தில் நாங்கள் அத்தனை பேரும் கருநீலம் ஆகிவிட்டோம். இப்படி ஒரு கல்யாண ஊர்வலத்தை நாங்கள் எந்த நட்சத்திரத்திலும் கேட்டதில்லை!"

இசக்கியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவள் சிரித்தாள், அழுதாள், கும்பிட்டாள். என் பாட்டு! வருஷம் பூராவும் யாரும் காது கொடுக்காத என் பாட்டு! நயினாரே முன்னால் வந்து, "நான் அப்பவே நெனச்சேன், அந்தப் பாட்டுல என்னமோ இருக்குன்னு" என்றார். அவர் ஏற்கெனவே அந்தப் பாட்டைக் கேட்டவரைப்போலத்தான் சொன்னார்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள் ஜெபராணி. "'எங்கள் பாட்டுக்கு எவ்வளவு போட்டீர்கள்? ஆவலோடு காத்திருக்கிறோம்.'"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விருந்தாளிகளுடைய பாட்டா? ஆமாம், முதல் செய்தியோடு வந்ததே! வாரம் பூராவும் நமக்கு எவ்வளவு வரும் என்ற யோசனையிலேயே அதை ஒருவரும் கேட்கவில்லை.

"போடு போடு, இப்பவே போடு. விருந்தாளிங்கள காக்க வைக்கலாமா?" என்று விரட்டினார் நயினார். ஜெபராணி ஓடிப்போய்ப் பாட்டுப் பெட்டியில் பொத்தானை அமுக்கினாள். கூடத்தில் ம்ம்ம் என்று ஒரு சத்தம் லேசாகக் கேட்டது. கேட்டவரைக்கும் கேட்டது, அவ்வளவுதான். "பத்துக்குப் பத்துடே!" என்று இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். "அடுத்த தடவ என் பாட்டு" என்று நாலு பேர் மல்லுக்கு நின்றார்கள். அத்தனை பிடரியும் சிலிர்த்துப்போய் இருந்தது. சுவரில் எண் விழுந்தது: ஒன்பது புள்ளி ஏழு. சங்கத்தின் வரலாற்றிலேயே அப்படி ஒரு மார்க் விழுந்ததில்லை.

"எழுது. ஒன்பது புள்ளி ஏழு. மூணாவது தொண்ட வந்து சேருத எடத்துல உருகிட்டோம்னு எழுது" என்றார் நயினார். ஜெபராணி எழுதி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இசக்கி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே க்ளினிக்கைத் திறந்தாள். இன்னொரு தடவை அந்தப் பாட்டைக் கேட்கவேண்டும்போல் இருந்தது. அதன் இன்னொரு பிரதி வீட்டில்தான் இருந்தது. சரி, கிண்ணத்தில் வேறு மேளம் ஏதாவது இருக்கும் என்று ஒரு மணியை எடுத்துக் காதில் வைத்தாள். நாயனம் எடுத்த எடுப்பிலேயே வீறிட்டது. அதே பாட்டு. அனுப்பியிருக்கவேண்டிய மணி இங்கேயே கிடக்கிறது.

அப்படியானால் போனது எது?

அவளுடைய க்ளினிக்கில் நடக்கும் வைத்தியம் ஒவ்வொன்றையும் ஒலிமணியில் பதிந்து அதே கிண்ணத்தில் போட்டுவைப்பது வழக்கம். நாளைக்கு யாராவது பல்லை மாற்றிப் பிடுங்கிவிட்டாய் என்று சண்டைக்கு வந்தால் போட்டுக் காட்டலாமே. அவசர அவசரமாகக் கிண்ணத்தைக் கிளறி ஒவ்வொரு மணியாகக் காதில் வைத்துப் பார்த்தாள். போன மாதம் நயினாருக்குக் கடைவாய்ப் பல்லின் வேரைக் குடைந்த மணியைக் காணவில்லை. கால் மணி நேரம் ஓடும் குடைச்சல் சத்தம். நடுவில், "ஆ... டாக்டரம்மா... அம்மாடி... போதும்... விட்டுரு..." என்று நயினாரின் கதறல். தவிலும் இல்லை, நாயனமும் இல்லை.

இசக்கி கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். நேரே அலைவாங்கி நிலையத்துக்கு ஓடி ஜெபராணியிடம் கொட்டித் தீர்த்தாள்.

"அப்போ அவங்க கேக்கவே இல்லடி! நான் சொன்ன குறிப்பப் படிச்சுட்டு அப்படியே திருப்பி எழுதிட்டாங்க. பொய் சொல்ல முடியாதுன்னு வேற சொன்னாங்களே!"

ஜெபராணி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, மெதுவா பேசு. நானும் ஒண்ணு சொல்லணும். நேத்து நாம கேட்டது அவங்க பாட்டு இல்ல. அது பூட்டுன கோப்பு. சாவி எண் இல்லாமத் தெறக்காதாம். ராத்திரிதான் பெட்டிய நல்லாப் பாத்தேன். கூடத்துல ம்ம்ம்னு கேட்டது நம்ம தலைக்கு மேல சுத்துத காத்தாடி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காத்தாடிக்கு ஒன்பது புள்ளி ஏழு. நயினாரின் கடைவாய்ப் பல்லுக்குப் பத்துக்குப் பத்து. தோல் பொய் சொல்லவில்லை. சிலிர்த்தது நிஜம், நீலமானதும் நிஜமாகத்தான் இருக்கும். தன் பாட்டுக்கு என்ன மார்க் வரப்போகிறது என்று நினைத்தால் யாருக்குத்தான் சிலிர்க்காது?

"சொல்லிருவோம்டி" என்றாள் இசக்கி. "சங்கத்த விட்டு வெரட்டுனா வெரட்டட்டும். கேக்காத பாட்டுக்கு வந்த மார்க்க வச்சுக்கிட்டு நான் எப்படிடி தல நிமிந்து உக்காருவேன்?"

அன்று சாயங்காலமே நயினார் அவசரக் கூட்டம் போட்டார். விருந்தாளிகளிடமிருந்து பதில் வந்துவிட்டது. அவரே உற்சாகமாக வாசித்தார்.

"ஒன்பது புள்ளி ஏழா! நாங்கள் ஆடிக்கொண்டே இருக்கிறோம்! எங்கள் பாட்டை இவ்வளவு ஆழமாக ரசித்தவர்கள் நீங்கள்தான். ஒரு சின்ன விஷயம், அந்தப் பாட்டைத் திறக்கும் சாவி எண்ணை அனுப்ப மறந்துவிட்டோம். இத்துடன் அனுப்பியிருக்கிறோம். அது இருக்கட்டும், எங்கள் அடுத்த பாட்டுக்கு எப்போது மார்க் போடுவீர்கள்? உங்களுடைய அடுத்த பாட்டையும் அனுப்புங்கள்."

"அடுத்த பாட்டு!" என்று கூடம் அதிர்ந்தது. சாவி எண் என்ற வார்த்தையை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மறுபடியும் நாற்காலிகள் உருண்டன. அந்தக் களேபரத்துக்கு நடுவே இசக்கி ஒரு பெஞ்சு மேல் ஏறி நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"கேளுங்க! தயவு செஞ்சு கேளுங்க! நான் அனுப்புனது பாட்டே இல்ல! அண்ணாச்சியோட பல்லக் கொடஞ்ச சத்தம்! அவங்களும் கேக்கல, நாமளும் கேக்கல!"

நயினார் திரும்பிப் பார்த்துப் படபடவென்று கைதட்டினார். "அருமையாச் சொன்ன டாக்டரம்மா! டம்ளர நானே கழுவிருதேன். கேட்டீங்களாடே? டாக்டரம்மா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அடுத்த பாட்டும் அவதான் அனுப்பணும். ராசியான கை!"

"ஆமா ஆமா, இசக்கி பாட்டுதான்!" என்று கூடமே சேர்ந்து கத்தியது. "இசக்கி! இசக்கி!"

இசக்கி திறந்த வாயை மூடவில்லை. இன்னொரு தடவை சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் பிடரியில் என்னவோ ஊர்ந்தது. சில்லென்று இறங்கி இரண்டு கையிலும் பரவியது. சுவரில் பளிச்சென்று பத்து விழுந்தது.

ஜெபராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, அதான் சாவி வந்துருச்சுல்லா? அவங்க பாட்ட இப்பவாது கேட்டுருவோமா?"

"கொஞ்சம் பொறுட்டி" என்றாள் இசக்கி, கன்னமெல்லாம் சிவந்துபோய். "என் பாட்டுல எத அனுப்புததுன்னு மொதல்ல முடிவாகட்டும். அவங்க பாட்டு எங்க ஓடிப் போயிரப் போகுது?"