பீவி வீட்டு நாரைகள்

தொண்ணூற்று நாலு வைகாசியில் ஆவுடைநாயகம் அந்தக் காற்றாலைக்கு ஆபரேட்டராக வந்து சேர்ந்தான். சீவலப்பேரிக்கு வடக்கே ஒரு பொட்டல் மேட்டில் ஏழு காத்தாடிகள். பகலெல்லாம் அவற்றின் இறக்கை நிழல் செம்மண் தரையை வெட்டிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் காலை, கடைசிக் காத்தாடியின் அடியில் இரண்டு நாரைகள் கிடந்தன. ஒன்றுக்குச் சிறகு இல்லை. இப்படிக் கிடந்தால் யார் கண்ணிலும் படாமல் புதைத்துவிட வேண்டும் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். புதைத்தான்.

மத்தியானம், மேட்டடியில் தனியாகக் குடியிருந்த மஹ்மூதா பீவி வந்தாள்.

“தம்பி, எங்க வீட்டு வேம்புல கூடு கட்டியிருந்த சோடியைக் காணல. குளத்துக்கு இரையெடுக்க இந்த வழியாத்தான் போவும். பாத்தியளா?”

“இல்லக்கா. இங்கன ஒண்ணும் வரல.”

“மூணு குஞ்சு கெடந்து கத்துது. எனக்கு மரம் ஏறத் தெரிஞ்சா ரெண்டு மீனாவது கொண்டு வச்சிருவேன்.”

அவனுக்கு ஏறத் தெரியும். ஆனால் ஏறினால், தாய்ப்பறவை வராது என்பது தனக்குத் தெரியும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். காத்தாடிப் பக்கம் திரும்பி நடந்தான்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

பிறகு ஒரு வாரம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

“சோடியா திரும்பி வந்துட்டு, தம்பி.”

“கண்ணால பாத்தியளாக்கா?”

“பாக்கல. றெக்கைச் சத்தம் கேக்கு. குஞ்சுவளும் இப்பம் கத்துறதில்ல. பசி அடங்கிட்டு போல.”

அவள் பின்னாலேயே போனான்.

உச்சி வெயில். வேம்படியில் குளத்துச் சேற்று வாடை அடித்தது. தலைக்கு மேலே கனத்த சிறகுகள் அடித்துக்கொள்ளும் ஓசை.

அண்ணாந்து பார்த்தான்.

வானம் வெறுமையாக இருந்தது.

மரத்தில் ஏறினான். கூட்டுக்குள் மூன்று குஞ்சுகளும் அலகைத் திறந்தபடியே காய்ந்து கிடந்தன. எறும்புகூட விட்டுப்போய் இரண்டு நாள் ஆகியிருக்கும்.

அந்த அலகுகளின் மேல் கெண்டை மீன்கள் குவிந்திருந்தன.

துடித்துக்கொண்டிருந்தன.

“குஞ்சுவ நல்லாருக்கா தம்பி?” கீழிருந்து பீவி கேட்டாள்.

பக்கத்துக் கிளை, கனமான ஏதோ வந்து அமர்ந்ததுபோலப் பையத் தாழ்ந்தது. அதன்மேல் ஒன்றுமில்லை.

“இனிமே கொண்டாராதீங்க, தாயி,” என்று அந்தக் கிளையைப் பார்த்து அழுதான். “உங்களைப் புதைச்சதே நான்தான். இதுவளும் போயிட்டு... ஒண்ணுக்கும் உசுரு இல்ல.”

கிளை அசையாமல் இருந்தது. கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

பிறகு, ஈரம் சொட்ட இன்னொரு கெண்டை கூட்டுக்குள் விழுந்தது.