முதலில் மணிக்கட்டை நனை

"யாரைக் கேட்டு என் பையனுக்கு ஐஸ் குடுத்தீங்க?"

ஒர்னெல்லா கேட்ட தோரணையில், ஆற்றங்கரை மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த நாய்கூட எழுந்து பார்த்தது. ஐஸ் கடைக்காரன் தாரியோ அசரவில்லை. பெரிய ஐஸ் கட்டியை இரும்புச் சுரண்டியால் சரக் சரக்கென்று சுரண்டிக்கொண்டே நிமிர்ந்தான்.

நிமிர்ந்தவன் அவள் கண்களைப் பார்த்தான். பச்சையா... சாம்பலா... வெயிலில் சரியாகத் தெரியவில்லை. சுரண்டிய கை தானாக நின்றுவிட்டது.

"அவன்தான் கேட்டான், மேடம். செர்ரி சாறு நிறைய ஊத்தி."

"ஆறு வயசுப் பையன் எது கேட்டாலும் குடுத்துடுவீங்களா? எப்படி வேர்த்து ஊத்துது பாருங்க. இந்த உடம்போட சில்லுன்னு உள்ள போனா வயித்தைப் பிடிச்சுக்கும்னு உங்க அம்மா சொல்லி வளர்க்கலையா?"

எங்கள் இத்தாலியில் ஓர் ஆண்பிள்ளையை என்ன வேண்டுமானாலும் பேசலாம். அவன் அம்மாவின் வளர்ப்பை மட்டும் இழுக்கக் கூடாது.

"எங்க அம்மா நல்லாத்தான் வளர்த்தாங்க. முதல்ல மணிக்கட்டை நனை, அப்புறம் பிடரியை, அதுக்கப்புறம்தான் வாயில வைன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. உங்க பையன் கையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தாள். எலியோவின் இரண்டு மணிக்கட்டும் ஈரமாக, ஜில்லென்று இருந்தன. பக்கத்திலேயே, மூக்குபோல் வளைந்திருப்பதால் ரோம்காரர்கள் 'மூக்கன்' என்று அழைக்கும் தெருக்குழாய், ஒன்றும் தெரியாததுபோல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். மகள், நாலு வயதுப் பியா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாவம், அவளுக்கு ஐஸ் கிடைக்கவில்லையே.

ஆகஸ்ட் நடுவில், நாற்பது டிகிரியில், ரோமில் யார் இருப்பார்கள்? ஊரே கதவை அடைத்துவிட்டுக் கடலுக்கும் மலைக்கும் ஓடிவிடும். ஒர்னெல்லாவோ மலையிலிருந்து ரோமுக்கு வந்திருந்தாள். பெல்லூனோ பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர். கணவன் இறந்து நான்கு வருடம். குழாய் ரிப்பேர், பனி வாருவது, பிள்ளைகளின் காய்ச்சல் என்று எதற்கும் யாரையும் கூப்பிட்டதில்லை. "நானே பாத்துப்பேன்" என்பது அவள் வாயில் மந்திரம் மாதிரி. இந்தப் பயணமும் அப்படித்தான். ரயிலென்றால் உயிரை விடும் எலியோவுக்காக வந்தது. அவன் ஓட்டல்காரியிலிருந்து புறாக்கள் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டான்: "சனிக்கிழமை, பன்னிரண்டு முப்பத்தஞ்சு வண்டி, நாலாம் பெட்டி."

மறுநாள் பியா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கண்கள் சொருகின. ஒர்னெல்லா குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினாள். வரிசையாக எல்லாக் கடையும் மூடிக் கிடந்தன... கடைசியில் அந்த ஒரு கடை மட்டும் திறந்திருந்தது.

வாசலில் வந்து நின்றாள். தாரியோ சுரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். குழந்தையை வாங்கி நிழலில் படுக்க வைத்தான். குழாய் நீரில் மணிக்கட்டுகளை நனைத்தான். ஐஸைத் துணியில் சுற்றிப் பிடரியில் வைத்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டினான்.

பத்து நிமிடத்தில் பியா கண்ணைத் திறந்தாள். "எனக்கும் செர்ரி."

ஒர்னெல்லா சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது.

"நேத்து நான் பேசினது..."

"நேத்தா? எனக்கு எதுவும் ஞாபகம் இல்லையே, மேடம்."

"பொய் சொல்றீங்க."

"ஆமா. உங்க கண்ணு ஞாபகம் இருக்கு. என்ன கலர்னுதான் தெரியாம இருந்துச்சு. பச்சை."

அவள் முகம் பியாவின் முகத்தைவிடச் சிவந்துவிட்டது. வெயில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று மாலையும் அடுத்த மாலையும் பிள்ளைகள் "ஐஸ் மாமா" என்று அவன் கடையே கதியென்று கிடந்தார்கள். அவளும்தான். அவனுடைய கேலி, சரக் சரக்கென்ற சத்தம், ஆற்றுக் காற்று... நான்கு வருடத்தில் முதன்முறையாக அடுத்த வேலை என்ன என்று யோசிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவன்தான் எல்லாவற்றையும் கெடுத்தான்.

"நாளைக்குப் போயே ஆகணுமா? ஒண்டியா எவ்வளவுதான் இழுப்பீங்க... பசங்களுக்கும் ஒரு ஆள் இருந்தா..."

"என் பசங்களுக்கு அப்பா தேவைன்னு நான் போர்டு மாட்டலை. நானே பாத்துப்பேன்."

அவன் முகம் சுண்டிப்போனது. சுரண்டியை எடுத்து ஐஸ் கட்டியைச் சுரண்டத் தொடங்கினான்.

இரவு முழுக்க அவள் புரண்டாள். நல்ல வார்த்தைக்கு ஏன் இப்படிச் சுள்ளென்று விழுந்தேன்? ஒரு முறை ஒருவரிடம் சாய்ந்துவிட்டால் பிறகு தனியாக நிற்கத் தெரியாமல் போய்விடுமோ... அந்தப் பயம்தானே?

காலையில் பெட்டியை இழுத்துக்கொண்டு வேண்டுமென்றே ஆற்றங்கரை வழியாக வந்தாள். கடை மூடியிருந்தது. ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புப் பண்டிகை நாள். ஆனாலும் கோடை முழுக்க அந்தக் கடையை ஒருநாளும் சாத்துவதில்லை என்று சொல்லியிருந்தானே... தன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை போலும்.

ரயில் நிலையக் கூடத்தில் மணி பன்னிரண்டு பத்து. எலியோ ரயில் நேரப் பலகையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐஸ் மாமா!" பியாதான் கத்தினாள்.

தாரியோ ஓடி வந்துகொண்டிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எதிரில் வந்து குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரைத்தான்.

"காலையிலேயே ஓட்டலுக்குப் போனேன்... கிளம்பிட்டாங்கன்னு சொன்னாங்க... பண்டிகையாச்சே, ஒரு பஸ்ஸும் வரலை... நல்லவேளை, வண்டி டைம் ஊருக்கே தெரியும்."

எலியோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன்," என்றான் தாரியோ. "பசங்களுக்கு அப்பா இடத்தை நான் கேட்கலைங்க. நீங்க எல்லாத்தையும் நீங்களே பாத்துப்பீங்க, தெரியும். உங்களைப் பாத்துக்க ஒருத்தன் இருக்கணும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

ஒர்னெல்லா பையிலிருந்து அப்போதுதான் வாங்கிய ஜில் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அவன் ஆவலாகக் கையை நீட்டினான். அவள் பாட்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல மணிக்கட்டு."

இரண்டு கைகளையும் பள்ளிக்கூடப் பையன்போல் நீட்டினான். அவள் நிதானமாகத் தண்ணீரை ஊற்றினாள், விரல்களால் தடவினாள். பிறகு ஈரக் கையை அவன் பிடரியில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"இப்பக் குடிங்க."

"குடிக்கிறேன். நீங்க பதில் சொல்லலையே."

"செப்டம்பர் முடிஞ்சா உங்ககிட்ட ஐஸ் யார் வாங்குவா?"

"ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. கடையைச் சாத்திடுவேன்."

"எங்க ஊர்ல நவம்பர்லயே வாசல் பூரா பனி விழுந்திடும். நாலு வருஷமா நானே வாரிக்கிட்டு இருக்கேன்." அவள் குரல் இறங்கியது. "கை வலிக்குது, தாரியோ. வாங்க."